காற்றை எதிர்கொண்ட கண்ணாடி: மகிழுந்து முகப்புச் சின்னங்களின் வரலாறு

கண்ணாடி உடையும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். உடையும் பொருளைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதே உலக வழக்கு. 1920களின் நடுவில் பிரான்சு நாட்டில் இவ்வழக்குக்கு நேர்மாறான ஒரு செயல் நிகழ்ந்தது. ஓடும் மகிழுந்தின் முன்முனையில், கல்லும் புழுதியும் காற்றும் முதலில் வந்து தாக்கும் இடத்தில், கண்ணாடியாலான சிறு சிற்பங்களைப் பொருத்தினர். சேவல், தும்பி, தவளை, நரி, கூந்தல் பறக்கும் பெண் என ஏறத்தாழ 30 வடிவங்கள் சில ஆண்டுகளுக்குள் தோன்றின. பின்னர் அவை சாலையை விட்டு மறைந்தன. இன்று அவை அருங்காட்சியகங்களிலும் செல்வர் வீட்டுப் பேழைகளிலும் ஏலக் கூடங்களிலும் வாழ்கின்றன.

இச்சின்னங்களின் பிறப்பையும் மறைவையும் மறுவாழ்வையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சேகரித்தல் என்னும் செயல் ஒரு பொருளின் வரலாற்றைக் காக்கிறதா, துடைக்கிறதா என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது. ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கு அவ்வினா அயலானதன்று.

சொல்லும் சின்னமும்

ஊர்தியின் முன்னே ஒரு சின்னம் விளங்க வேண்டும் என்ற விருப்பம் மிகப் பழையது. தேருக்குக் கொடி இருந்தது. கப்பலின் முகப்பில் மரத்தாற் செதுக்கிய உருவம் இருந்தது. குதிரை பூட்டாத வண்டி வந்தபோதும் அவ்விருப்பம் மாறவில்லை.

இவ்வகைச் சின்னத்தை ஆங்கிலேயர் 'மாஸ்காட்' என்றனர். அச்சொல் பிரெஞ்சு மொழியின் 'மாஸ்கோத்' என்பதன் வழி வந்தது. அதன் வேரோ தென்பிரான்சின் புரொவென்சால் மொழியில் சூனியக்காரியைக் குறிக்கும் 'மாஸ்கோ' என்னும் சொல். எத்மோன் ஓத்ரான் இசையமைத்த 'லா மாஸ்கோத்' என்னும் இசை நாடகம் 1880ஆம் ஆண்டு பாரிசில் அரங்கேறியது. தான் வாழும் வீட்டுக்கு நற்பேறு கொணரும் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் கதை அது. அந்நாடகத்தின் புகழால், நலம் தரும் ஆள் அல்லது பொருள் என்னும் பொருளில் அச்சொல் எங்கும் பரவிற்று. சூனியத்திற் பிறந்த சொல் மங்கலத்தைச் சுட்டும் சொல்லாயிற்று.

பிரெஞ்சுக்காரர் தம் மகிழுந்துச் சின்னத்துக்கு வைத்த பெயர் இன்னும் எளியது. 'புஷோன்' என்றனர், அடைப்பான் என்பது அதன் பொருள். பெயர்க் காரணம் மகிழுந்தின் அமைப்பிலேயே உள்ளது. எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் நீர் ரேடியேட்டரில் சுழன்றது. அந்நாளைய வண்டிகளில் ரேடியேட்டர் முன்முகத்தில் வெளிப்படையாக நின்றது. அதன் உச்சியில் நீர் வார்ப்பதற்கு ஒரு வாய். அவ்வாய்க்கு ஒரு திருகுமூடி. ஓட்டுநர் அடிக்கடி மூடியைத் திறந்து நீர் வார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1912 முதல் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்னும் வெப்பமானியை அம்மூடியின் மேலேயே பொருத்தலாயினர். ஓட்டுநரின் கண் எப்போதும் அங்கே செல்லும். எனவே அழகுக்கும் அதுவே இடமாயிற்று.

உலோகத்தின் காலம்

தொடக்கத்தில் இச்சின்னங்கள் வெண்கலம், பித்தளை, நிக்கல் பூச்சு முதலியவற்றால் ஆனவை. வாங்கியவர் மனம்போல் பொம்மைகளையும் வேடிக்கை உருவங்களையும் மூடியின் மேல் நட்டனர். தம் வண்டிகளின் தோற்றம் இவற்றாற் கெடுவதாகக் கருதிய ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1911இல் தனக்கெனத் தனிச் சின்னம் ஒன்றை அமைத்துக்கொண்டது. சார்லசு சைக்சு என்னும் சிற்பி வடித்த அப்பெண்ணுருவே, ஆடை சிறகெனப் பின்னே விரிய முன்னோக்கிச் சாய்ந்து நிற்பது.

அவ்வுருவுக்கு மாதிரியாக நின்றவர் எலினார் தார்ன்டன் என்று பலரும் கருதுவர். மகிழுந்துப் பற்றாளரான மான்டேகு பிரபுவின் செயலாளர் அவர். பிரபு இந்தியாவில் பணியேற்கப் புறப்பட்டபோது உடன் சென்றார். அவர்கள் சென்ற பெர்சியா என்னும் கப்பல் 1915 டிசம்பர் 30 அன்று மத்தியதரைக் கடலில் செருமானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. பிரபு உயிர் தப்பினார், எலினார் மாண்டார். பிரபுவின் மகன் தந்தையின் நினைவாக 1952இல் இங்கிலாந்தின் பியூலியில் ஒரு மகிழுந்து அருங்காட்சியகம் தொடங்கினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் பேணும் ஆர்வத்துக்குப் பின்னே பெரும்பாலும் இவ்வாறு யாரோ ஒருவரின் இழப்பு நிற்கிறது.

உலோகம் இழப்பைத் தாங்கி நிற்கும். வளைந்தால் நிமிர்த்தலாம், தேய்ந்தால் மீண்டும் பூசலாம். கண்ணாடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அணிகலனிலிருந்து அடைப்பானுக்கு

கண்ணாடியை மகிழுந்தின் முகப்புக்குக் கொணர்ந்தவருள் தலையாயவர் ரெனே லாலிக். 1860இல் பிரான்சின் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஆய் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையை இழந்த 16ஆம் வயதில், 1876இல், பாரிசில் லூயி ஓக்கோக் என்னும் பொற்கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் சிடனாமில் இரண்டாண்டுகள் கலை பயின்றார். 1885இல் தமக்கெனப் பட்டறை பெற்றார். 1900ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் அவருடைய நகைகள் பெரும்புகழ் ஈட்டின.

நகைத்தொழிலில் அவர் செய்த புதுமை, விலையை விட வடிவத்துக்கு முதன்மை தந்தமை. வைரம் பதிக்கும் இடத்தில் கொம்பையும் மீனாவேலையையும் கண்ணாடியையும் வைத்தார். தும்பியும் பாம்பும் சேவலும் அவர் நகைகளில் வாழ்ந்தன. இவ்வுயிரினங்கள் பல பின்னாளில் மகிழுந்தின் முகப்பில் மீண்டும் பிறந்தன.

நறுமணப் பொருள் வணிகர் பிரான்சுவா கோத்தியின் தொடர்பு அவரை முழுமையாகக் கண்ணாடியின் பக்கம் திருப்பிற்று. கோத்திக்காக நறுமணக் குப்பிகளை வடிவமைத்தார். பாரிசுக்கு அருகில் கோம்ப்சு-லா-வீல் என்னும் ஊரில் கண்ணாடிச் சாலை நடத்தினார். முதல் உலகப் போருக்குப்பின் 1921இல் அல்சாசு பகுதியில் வீங்கன்-சுர்-மோதெர் என்னும் ஊரில் பெரிய ஆலை ஒன்றை நிறுவினார். தனி ஒருவர் அணியும் நகையிலிருந்து, அச்சில் வார்த்துப் பலர்க்கும் விற்கும் பொருளுக்கு அவர் நகர்ந்தார்.

இங்குச் சொல்லாராய்ச்சி நமக்கு ஒரு செய்தியைத் தருகிறது. நறுமணக் குப்பியின் மூடிக்கும் பிரெஞ்சில் புஷோன் என்றே பெயர். சிறு குப்பியின் மேல் மணிமுடி போல் எழும் கண்ணாடி மூடிகளை லாலிக் முன்னரே செய்திருந்தார். மணம் ஆவியாகாமல் அடைத்தது அந்தப் புஷோன். கொதிநீர் சிந்தாமல் அடைத்தது இந்தப் புஷோன். பெண்டிர் ஒப்பனை மேசையிலிருந்து நெடுஞ்சாலை வரை அவர் சென்ற வழியை ஒரே சொல் இணைக்கிறது.

ஐந்து குதிரைகள்

1925ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த அலங்காரக் கலைகளின் பன்னாட்டுக் கண்காட்சியில் லாலிக்கின் கண்ணாடி நீரூற்று காண்போரைக் கவர்ந்தது. அதே ஆண்டில் சித்ரோயன் நிறுவனம் தன் பெயரை ஈபெல் கோபுரத்தின் மேல் மின்விளக்குகளால் எழுதியது. விளம்பரமும் கலையும் கைகோத்த ஆண்டு அது. அந்நிறுவனத்துக்காக லாலிக் வடித்தது 'ஐந்து குதிரைகள்' என்னும் சின்னம். ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன் நிழல் மற்றொன்று என்னுமாறு, முன்னங்கால் தூக்கிப் பாயும் ஐந்து குதிரைகள். சித்ரோயனின் சிறிய மகிழுந்து வரி விதிப்புக் கணக்கில் ஐந்து குதிரைத்திறன் உடையது. மக்களும் அதனை அப்பெயராலேயே அழைத்தனர். வரி அலுவலகத்தின் எண்ணிக்கையைப் பாயும் பரியாக மாற்றிய அச்சிலேடையைக் கவிஞர்கள் சுவைப்பர்.

அதனைத் தொடர்ந்து 1931 வரை சின்னங்கள் வெளிவந்தன. வால் நீண்ட விண்மீன், வல்லூறு, தும்பி, கழுகின் தலை, ஆட்டுக்கடாவின் தலை, காட்டுப்பன்றி, மீன், தவளை, நரி, ஆந்தை எனப் பட்டியல் நீளும். குதிரைப் பந்தயத் திடல்களான லோன்ஷானும் எப்சமும் இரு குதிரைத் தலைகளுக்குப் பெயராயின. வழிப்போக்கர்க்குத் துணையென ஐரோப்பியர் வணங்கும் புனித கிறிஸ்தோபரும் ஒரு வட்டில் இடம்பெற்றார். மங்கலச் சின்னம் என்னும் பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இவற்றுட் புகழ் மிக்கது 1928இல் வந்த 'வெற்றி'. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள பெண்ணின் தலை அது. வாய் திறந்திருக்கிறது. கூந்தலோ இழையிழையாகக் கலையாமல், இறுகிய சிறகுபோல் பின்னோக்கி நீள்கிறது. காற்றை உருவமாக்க முடியாது. காற்றுத் தீண்டிய பொருளைத்தான் உருவமாக்க முடியும். வண்டி அசையாமல் நிற்கும்போதும் அம்முகத்தின்மேல் காற்று வீசிக்கொண்டேயிருக்கிறது.

செய்முறை எளிதன்று. உருகிய கண்ணாடியை உலோக அச்சில் இட்டு அழுத்தி உருவாக்கினர். படிகக் கண்ணாடியை விட ஈயம் குறைந்த கலவை அது. அச்சின் நுண்கோடுகளை ஏற்பதற்கு ஏற்றது. அதன் பின் சில பகுதிகளை அமிலத்தால் மங்கச் செய்து, சில பகுதிகளைத் தெளிவாக விட்டனர். மங்கலும் தெளிவும் அடுத்தடுத்து நிற்பதால் ஒரே கண்ணாடியில் தசையும் இறகும் வேறுவேறாகத் தோன்றும்.

இலண்டன் நகரில் இவற்றை விற்ற பிரீவ்சு காலரி இன்னொரு படி முன் சென்றது. சின்னத்தைப் பற்றும் உலோகப் பிடியினுள் சிறு மின்விளக்கை வைத்து, இடையே வண்ணத் தகடு செருகியது. வண்டியின் டைனமோவுடன் இணைத்தால் விரைவு கூடக் கூட ஒளியும் கூடும். இரவில் ஒளிரும் பறவை முன்னே பறக்க வண்டி அதனைத் தொடர்வதுபோல் தோன்றியிருக்கும். வேறு சிலரும் இத்துறையில் இறங்கினர். பாரிசில் சபினோவின் கண்ணாடி வந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து ரெட்-ஆஷே என்னும் பெயரில் விற்றவை அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவிற் செய்யப்பட்டவை.

மறைவு

கீழே கொதிநீரின் வெப்பம், மேலே குளிர்காற்று, நடுவே சாலையின் அதிர்வு. முன்வண்டியின் சக்கரம் எறியும் சிறுகல் ஒன்று போதும். பிடியைச் சற்று இறுகத் திருகினாலும் அடிப்பகுதி விரியும். நரியின் காது நுனியும் சேவலின் கொண்டையும் முதலில் உதிர்ந்தன.

உடைதல் மட்டுமே இவற்றின் முடிவுக்குக் காரணமன்று. 1930களில் மகிழுந்தின் முகமே மாறியது. ரேடியேட்டர் உலோகத் திரைக்குப் பின்னே சென்றது. அதன் மூடி எஞ்சின் கூண்டுக்குள் ஒளிந்தது. அடைப்பான் மறைந்தபின் அதன்மேல் நிற்க வேண்டிய சின்னத்துக்கு இடமில்லை. சட்டமும் குறுக்கிட்டது. மோதலின்போது பிறரைக் காயப்படுத்தக் கூடியவாறு பொருத்திய சின்னங்களை, 1937 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சாலைக்கு வரும் வண்டிகளுக்குப் பிரித்தானிய விதிகள் தடுத்தன. பின்னர்ப் போர் மூண்டது. வீங்கன் ஆலை 1940இல் செருமானியர் கைப்பட்டது. 1945இல், போர் முடியும் தறுவாயில், லாலிக் மறைந்தார்.

ஓர் எழுத்தின் விலை

தந்தைக்குப்பின் மகன் மார்க் லாலிக் ஆலையைத் திறந்து, கண்ணாடிக்கு மாற்றாக ஈயம் மிகுந்த படிகத்தைக் கையாண்டார். ரெனே வாழ்ந்த காலத்துப் பொருள்களில் பெயரின் முன் அவருடைய முதலெழுத்தும் பொறித்திருக்கும். அவர் மறைந்தபின் அவ்வெழுத்தை நீக்கி 'லாலிக்' என்ற குடும்பப் பெயரை மட்டும் பொறித்தனர். பழைய சின்னங்களுள் சில காகிதப் பாரமாகப் படிகத்தில் மீண்டும் வந்தன. வடிவம் ஒன்றே, விலையோ வேறு. சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் முதலில் தேடுவது அந்த ஒற்றை எழுத்தைத்தான்.

இதனால் பொய்யெழுத்துப் பொறிப்போரும் தோன்றினர். எழுத்து மட்டுமன்று, நிறமும் ஏமாற்றும். கண்ணாடியின் இயல்பான பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்ப்பதுண்டு. அத்தகைய கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் இருந்தால் மெல்லிய ஊதா நிறம் பெறும். அவ்வூதா, முதுமையின் அடையாளமாகப் போற்றப்பட்டது. அடையாளத்துக்கு விலை வந்ததும், கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சில நாளில் ஆழ்ந்த ஊதா ஏற்றும் வழியைச் சிலர் கண்டனர். வெயில் பல ஆண்டுகளில் எழுதிய ஒன்றை இவர்கள் விரைவாகப் படியெடுத்தனர்.

'மொத்தம் எத்தனை?' என்னும் கேள்விக்கும் ஒரே விடை இல்லை. 27 என்பார் உளர். 29 என்பாரும் 30 என்பாரும் உளர். மேசைச் சிலையாகவும் பாரமாகவும் விற்றவற்றைச் சின்னமாக எண்ணலாமா கூடாதா என்பதே வேறுபாட்டின் காரணம். சிலை மேசையில் இருந்தால் சிலை. மூடியில் ஏறினால் சின்னம். பொருளின் இனத்தைப் பயன் முடிவு செய்தது. பயன் ஒழிந்தபின் பட்டியல் முடிவு செய்கிறது. எல்லா வடிவங்களையும் ஒருங்கே திரட்டுதல் சேகரிப்போரின் பெருங்கனவு. நரி மிக அரியது என்பதால் பெரும்பாலோர் கனவு நரியிடம் வந்து நின்றுவிடும்.

சில்லும் சாணையும்

இனி இக்கட்டுரையின் முதன்மை வினாவுக்கு வருவோம். ஏலப் பட்டியல்கள் மிக உயர்ந்த தகுதி தருவது குறையற்ற பிரதிக்கு. சில்லு இல்லை, கீறல் இல்லை, பிடி இறுக்கிய தழும்பும் இல்லை என்பதே அதன் புகழுரை. அத்தகைய பிரதி எவ்வாறு தப்பியது? அது சாலைக்கே செல்லவில்லை. வாங்கியவர் மேசைமேல் வைத்திருப்பார். அல்லது பெட்டியிலிருந்து எடுக்காமலே விட்டிருப்பார். ஆக, செய்ய வேண்டிய பணியைச் செய்யாத சின்னமே இன்று மிகச் சிறந்த சின்னமாக மதிக்கப்படுகிறது. காற்றை எதிர்கொண்டவை உடைந்தன. அல்லது வடுப்பட்டு விலை குறைந்தன.

இதுவரை கேடில்லை; மனித இயல்பு என்று விடலாம். கேடு அடுத்த படியில் வருகிறது. சில்லு விழுந்த காதைச் சாணையில் தேய்த்து வழவழப்பாக்குகின்றனர். இரண்டு காதையும் ஒரே அளவாகக் குறைத்துவிட்டால் குறை தெரியாது. விரிசலுற்ற அடிப்பகுதியைச் சமமாக அறுத்துவிடுகின்றனர். 1932ஆம் ஆண்டு லாலிக் நிறுவனம் வெளியிட்ட விலைப்பட்டியல் போன்ற ஆவணங்களோடு ஒப்பிட்டு, வல்லுநர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலன்றி அது புலப்படாது. அளவு சற்றே குறைந்திருக்கும். அலகு சற்றே மழுங்கியிருக்கும். முழுமையாகத் தோன்றும் அப்பொருள் உண்மையில் இருமுறை இழந்த பொருள். கல் எடுத்தது ஒரு சில்லு. சாணை எடுத்தது அச்சில்லின் நினைவு.

பதிப்புக் கலை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் எண்களை நெருக்கி அடுக்கித் தொகையை முழுமைபோல் காட்டவில்லை. எண்கள் வெறுமையாகவே நின்றன. சிதைந்த அடிகளைச் சிதைந்தவையாகவே அச்சிட்டார். ஓசை நிரம்பச் சில சீர்களைத் தாமே புனைந்து சேர்த்திருந்தால் படிப்போர்க்கு இனிமையாக இருந்திருக்கும். ஏட்டின் உண்மை அழிந்திருக்கும். கறையான் தின்றதும் வரலாறு. அதனை அழகின் பெயரால் நிரப்புதல் இரண்டாம் கறையான்.

கண்ணாடிச் சின்னங்களைச் சேகரிப்போருள்ளும் இவ்வுணர்வு உடையோர் உளர். தேய்க்காத சில்லு, தேய்த்த முழுமையை விட மேலானது என்பது நேர்மையான வணிகரும் சொல்லும் அறிவுரை. பழைய பிடியை நீக்காமல், அதன் துருவையும் உடைந்த மின்கம்பியையும் அப்படியே வைத்துக் காப்போரும் உண்டு. அவர்களுடைய பேழையில் இருப்பவை வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. ஒரு காலத்தில் மனிதர் விரைவைக் கண்டு எவ்வளவு மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சியில் உடையக் கூடியதையும் முன்னே நிறுத்தத் துணிந்தனர் என்பதற்கான ஆவணங்கள்.

நிறைவாக

1925க்கும் 1931க்கும் இடையே தோன்றிய ஒரு சிறு கலை இது. பேரரசுகளின் வரலாற்றில் அதற்கு அடிக்குறிப்பும் கிடைக்காது. 2011இல் வீங்கன்-சுர்-மோதெரில் லாலிக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆலை இருந்த ஊரே நினைவிடமுமாயிற்று. அச்சு செதுக்கியவர், உருகிய கண்ணாடியை ஊற்றியவர், அமிலத்தில் தோய்த்தவர் ஆகியோர் பெயர் எந்தச் சின்னத்திலும் இல்லை. அவர்கள் கைவேலை மட்டும் இருக்கிறது.

நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலரும் ஒருவகையில் ஒரு சேகரிப்பே. பத்தாண்டுகளில் அரங்கில் ஒலித்தவை பல; ஏட்டில் ஏறியவை சில. மலருக்குத் தரும்போது நாமும் நம் பாடல்களைச் சற்றுத் தேய்த்து மெருகிட எண்ணுகிறோம். அன்று கேட்டோர் முகம் சுளித்த அடியை மாற்றுகிறோம். நாட்பட்டுப் போன சொல்லை நீக்குகிறோம். மெருகு தவறன்று. ஆயினும், அவையின் காற்றை எதிர்கொண்டு சில்லு விழுந்த பாடல் ஒன்றேனும் அவ்வடுவோடு இம்மலரில் இடம்பெறுமாயின், பின்வருவோர் அதனைக் கொண்டே நம் காலத்தை அளந்தறிவர்.